லண்டன் - பாரிஸ்: ஒன்றேகால் மணி நேரம் என்பது யாருடைய கணக்கு?

லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் நொடியில் பதில் வந்துவிடும். நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர், விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் அவற்றை மட்டும் நம்பித் திட்டம் போடுகிறவர் ஏமாந்து போவார்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் இந்தத் தூரத்துக்கு 26 நிமிடம் போதும். மிச்ச நேரம் எங்கே போகிறது? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரையிலான நேரத்தைத்தான் அட்டவணையில் போடுகிறார்கள். ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம். மேலே ஏறி முழு வேகம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க வேண்டியும் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு இரு நகரங்களுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். பாரிஸில் 10 மணிக்குப் புறப்பட்டு லண்டனில் 10.15க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். புதியவர்கள் பதினைந்து நிமிடப் பயணம் என்று நினைத்துக்கொண்டால் அவர்கள் மேல் தப்பில்லை!

சரி, வீட்டுக் கதவிலிருந்து கணக்குப் போட்டால்? ஹீத்ரோ விமான நிலையம் நகர மையத்துக்கு மேற்கே 20 கி.மீ.க்கு மேல். சார்ல்ஸ் து கோல் பாரிஸுக்கு வடகிழக்கே சுமார் 25 கி.மீ. போக ஒரு மணி, சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை முதல் இரண்டு மணி, இறங்கியபின் குடியேற்ற வரிசை, ஊருக்குள் போக முக்கால் மணி. ஆக மொத்தம் ஐந்து மணி நேரம்.

ரயில் இதை வேறு மாதிரி செய்கிறது. யூரோஸ்டார் 1994 நவம்பரில் ஓடத் தொடங்கியபோது மூன்று மணி நேரம் எடுத்தது. 2007ல் இங்கிலாந்துப் பக்கத்து அதிவேகப் பாதை முழுமையானதும் சுமார் இரண்டேகால் மணியாகக் குறைந்தது. 50 கி.மீ. நீளமுள்ள கால்வாய்ச் சுரங்கத்தைக் கடப்பதும் அதற்குள் அடக்கம். நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனாலும் மொத்தம் நாலு மணியில் முடிந்துவிடும். இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் ஏறுமுன்பே முடிவதால் இறங்கியவுடன் நடையைக் கட்டலாம். 1919 ஆகஸ்டில் லண்டன் - பாரிஸ் தினசரி விமான சேவை ஆரம்பமானபோது பறக்க ஏறக்குறைய இரண்டரை மணி ஆனது. இன்றைய ரயில் அதைவிட வேகம்!

விமானம் தேவையே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. வேறு நாட்டிலிருந்து வந்து ஹீத்ரோவில் மாறுகிறவருக்கு அதுதான் வசதி. ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு விமான வழிகளுக்கு 2023ல் தடை விதித்த பிரான்ஸ், இந்த வழியைத் தொடவில்லை. காரணம் எளிது, இது வெளிநாட்டுப் பயணம். புகைக்கு எல்லை தெரியுமா என்ன? தடைதான் முடியாது, டிக்கெட் விற்கும் தளங்களையாவது ஊரிலிருந்து ஊருக்கு ஆகும் மொத்த நேரத்தைப் போடச் சொல்லலாம். விலையில் வரியைச் சேர்த்துக் காட்டுகிறவர்களுக்கு இது பெரிய வேலையா?

லண்டனில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம். யூரோஸ்டார் நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் நடக்கிற தூரம்தான். கல்யாணச் சாமான்களோடு குடும்பமாகப் போகிறவர்களுக்குக் காரும் இருக்கிறது. காரையே ரயிலில் ஏற்றினால் 35 நிமிடத்தில் அக்கரை.