நிச்சயமற்ற காலத்தில் மாதத் திட்டம்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் பழமொழியை நம் குடியானவர்கள் பெருமூச்சுடன் சொல்வது வழக்கம். வேளாண்மையின் கஷ்டத்தைக் குறிக்க எழுந்த அம்மொழி, நாளடைவில் கணக்கே பார்க்க வேண்டுவதில்லை என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. மழை நம் வசத்தில் இல்லை. விலை நம் வசத்தில் இல்லை. கூலியாள் நாளைக்கு வருவாரோ மாட்டாரோ தெரியாது. இந்நிலையில் இம்மாதம் இன்னது செய்வோம் என்று முன்கூட்டி வகுப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்போர் பலர். காலம் நிச்சயமற்றதாய் இருப்பதே திட்டம் வகுப்பதற்குத் தக்க காரணம் என்பது எமது அபிப்பிராயம். ஆனால் அத்திட்டம் வருஷம் முழுமைக்கும் ஒரே மூச்சில் வகுத்ததாய் இராமல், ஒரு மாதத்துக்கு உரியதாயும், வாரங்களாகப் பிரிக்கப்பட்டதாயும், எதிர்பார்த்தது நடவாவிடில் செய்ய வேண்டியதையும் உள்ளடக்கியதாயும் இருத்தல் வேண்டும்.

நம் பகுதியின் நிலை

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி ஆகிய தாலுகாக்களில் உள்ள விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. 2016ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் சராசரியில் பாதிக்கும் கீழே குறைந்து, அடுத்த ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிக்குள்ளானவை என்று சர்க்காரால் அறிவிக்கப்பட்டன. அவ்வருஷம், அதாவது 2017 நவம்பரில், கிருஷ்ணகிரி அணை நிரம்பியிருந்த சமயத்தில் அதன் மதகுக் கதவு ஒன்று உடைந்து, தேங்கிய நீரில் பெரும் பகுதி ஆற்றோடு போயிற்று. ஏறத்தாழ 9,000 ஏக்கர் ஆயக்கட்டுக்காரர்கள் கண்ணெதிரில் கண்ட நீர் அது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், பெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வருஷம் முழுவதிலும் நம் ஜில்லாவில் பெய்வதே சுமார் 800 முதல் 900 மில்லிமீட்டர்தான். இல்லாத வருஷம் இல்லாமலும், வந்த வருஷம் ஒரே நாளிலும் வரும் மழையை நம்பி நாம் ஏர் பூட்டுகிறோம்.

எல்லையோரத்தில் இருப்பதால் வரும் நிச்சயமின்மை வேறு. பெங்களூரில் பெய்யும் மழை தென்பெண்ணை வழியே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேருகிறது. நகரத்துக் கழிவும் நுரையுமாக அதனுடனே வருகின்றன. நாம் விளைவிக்கும் தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் விலை நிர்ணயம் ஆவது பெரும்பாலும் வெளியூர்ச் சந்தைகளிலேயே. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்ற தக்காளி, செப்டம்பரில் பறிகூலிக்கும் கட்டாத நிலைக்கு இறங்கியதை யாவரும் கண்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கலியாணப் பருவத்தை எதிர்பார்த்துப் பூத்த ரோஜாக்கள் வாங்குவாரின்றிக் குப்பையில் கொட்டப்பட்டன. 2025 ஜூனில் பக்கத்துச் சித்தூர் ஜில்லாவில் வெளி மாநிலத்துத் தோத்தாபுரி மாங்காய் நுழையக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. பெங்களூரா என்று நாம் வழங்கும் அக்காய்க்கு ஏற்கெனவே விலை விழுந்திருந்த சமயம் அது. ராகி முற்றும் தறுவாயில் கன்னட நாட்டுக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, சானமாவுப் பக்கம் வருவது வருஷந்தோறும் நடப்பது.

ஆள் விஷயமும் அப்படியே. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் ஏற்பட்டது முதல் கிராமத்து இளைஞர்கள் ஆலைகளுக்குச் சென்று வருகிறார்கள். இப்போது பெண்களும் பெருந்தொகையாகச் செல்கிறார்கள். மாதச் சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு அவர்கள் போவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நடவுக்கு இருபது பேர் நாளைக் காலையில் வருவார்கள் என்று எண்ணி இரவு படுக்கும் காலம் போய்விட்டது என்பதை நிலமுடையோர் உணர வேண்டும்.

யுகாதியன்று கோவிலில் பஞ்சாங்கம் வாசிக்கக் கேட்டு, இவ்வருஷம் மழை இத்தனை பங்கு என்று அறிந்து, அதன்படி வருஷத்து வேலையை மனத்தில் முடிவு செய்யும் வழக்கம் நம் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களில் இன்றும் உண்டு. பெரியோர் வழக்கத்தை நாம் இகழவில்லை. ஒரு நாளில் கேட்டதைக் கொண்டு பன்னிரண்டு மாதத்துக்கும் முடிவு செய்துவிட்டு, இடையில் திரும்பிப் பாராமல் இருப்பதே பிழை என்கிறோம்.

விருப்பமும் திட்டமும்

இம்முறை இருபது மூட்டை ராகி எடுக்க வேண்டும், தக்காளியில் இரண்டு லக்ஷம் பார்க்க வேண்டும் என்று சொல்வது திட்டமன்று, விருப்பம். மூட்டையும் ரூபாயும் மழையையும் சந்தையையும் பொறுத்தவை. விருப்பத்தையே இலக்காகக் கொண்டவர், முதல் வாரத்து மழை தவறியவுடன் இலக்கும் தவறியதென்று கைவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அல்லது தவறியதை ஈடு செய்யக் கடன் வாங்கி ஒரே பயிரில் எல்லாவற்றையும் போடுகிறார். இவ்விரண்டாவது வழியே அதிக ஆபத்தானது. ஆலைகள் பெருகும் இப்பகுதியில் நிலத்துக்கு விலை கேட்டு வருவோர் எப்போதும் உண்டு. இரண்டு பருவம் தொடர்ந்து கடன்பட்டவர் மூன்றாவது பருவத்தில் ஒரு பாகத்தை விற்கிறார். விற்ற பணம் கரைந்துவிடும். அந்த விலைக்கு அந்த நிலம் மறுபடி கிடைப்பதில்லை.

ஆதலால், மாத இலக்கு நம் கையால் முடியும் காரியமாகவே இருத்தல் வேண்டும். உழுதல், எரு அடித்தல், விதை வாங்கி வைத்தல், நாற்று விடுதல், அடங்கல் பதிவு செய்வித்தல், சங்கத்துத் தவணையைக் கட்டுதல் ஆகியவை நம் கையில் உள்ளவை. மழையும் விலையும் ஆளும் இலக்குகள் அல்ல. எந்தக் காரியத்தை எப்போது செய்வது என்பதைத் தீர்மானிக்கும் நிபந்தனைகள். ஒரு மாதத்துக்கு நான்கு காரியங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் வாரவாரியாகப் பிரித்து, எதிரில் 'இது நடவாவிடில்' என்று இன்னொரு கலம் எழுதி, எந்தத் தேதி வரை காத்திருப்பது என்பதையும் குறித்தல் அவசியம்.

ஓர் ஆடி மாதம்

உதாரணமாக, சூளகிரிப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் மானாவாரி ராகி. ஒரு ஏக்கர் ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்தில் தக்காளி. இரண்டு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பதை அவர் அறிவார். ஆடியில் மழை வருமா என்பதை அறியார்.

முதல் வாரம் ராகி நிலத்தை உழுது, ஏக்கருக்கு ஐந்து டன் வீதம் தொழு உரம் அடிக்கலாம். நேரடி விதைப்புக்கு மழை வராவிட்டாலும் நாற்றங்காலுக்குக் கிணற்று நீர் போதும். ஏக்கருக்கு 5 சென்டு நாற்றங்காலும் 2 கிலோ விதையுமே வேண்டியவை. ஆகவே இரண்டு ஏக்கருக்கு 10 சென்டு, 4 கிலோ. இதிலும் பாதியை முதல் வாரத்திலும் மறு பாதியை இரண்டு வாரம் கழித்தும் விடுதல் நன்று. நாற்று மூன்று வாரத்தில் நடவுக்கு ஆயத்தமாகும். அதிக நாள் காத்திராது. முதல் நாற்றுக்கு மழை தவறினால் இரண்டாம் நாற்று கைகொடுக்கும். தவறினால் போவது இரண்டு கிலோ விதையும் சொற்ப நீருமே.

ஆவணி பதினைந்து வரை காத்தும் நல்ல மழை இல்லையேல் அந்நிலத்துக்கு ராகி என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அந்தத் தேதியை ஆடி முதல் நாளே எழுதி வைத்திருத்தல் முக்கியம். ஏனெனில் காத்திருக்கும்போது மனம் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்றே சொல்லும். மாற்றுப் பயிர் கொள்ளு. புரட்டாசியில் விதைத்தாலும் சுமார் நூறு நாளில் வரும். பையூர் ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணுக்கென்றே கொள்ளு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். அதனை ஆடியிலேயே, மருந்து கலவாமல், வாங்கி வைக்கலாம். ராகி நடவாகிவிட்டால் அக்கொள்ளு வீட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும், நஷ்டம் ஏதுமில்லை.

தக்காளி ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல் மூன்று பங்காக்கி, மூன்று வாரத்துக்கு ஒரு பங்காக நடுதல் வேண்டும். குழித்தட்டு நாற்றுக்கு முன்பணம் கொடுக்கும்போதே மூன்று தேதிகளையும் சொல்லிவிடலாம். இதற்கு ஓர் ஆட்சேபணை உண்டு: விலை உச்சத்தில் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்குதானே கிடைக்கும்? மெய்தான். ஆனால் விலை அடிமட்டத்துக்குப் போகும்போதும் மூன்றில் ஒரு பங்கே போகும். 2023 ஜூலையில் லாபம் அடைந்தவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. அதைக் கண்டு கடன் வாங்கி நட்டுச் செப்டம்பரில் செடியோடு உழுதவர்களைப் பற்றிப் பேசுவார் இல்லை. பறிப்பும் மூன்று தடவையாகப் பிரிவதால், ஒரே சமயத்தில் அதிக ஆள் தேட வேண்டிய கஷ்டமும் குறையும்.

மாந்தோப்பில் காய் இறங்கிய பின் கவாத்து செய்வது மழையையோ விலையையோ எதிர்பாராத வேலை. மற்ற வேலை நின்ற நாட்களுக்கு இதனை ஒதுக்கி வைக்கலாம். இத்தகைய வேலை ஒன்றாவது மாதத் திட்டத்தில் இருப்பது நலம்; மழைக்காகக் காத்திருக்கும் நாள் வீணாகாது.

நான்காவது காரியம் காகிதத்தைப் பற்றியது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரிப் பருவத்து உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் நூற்றுக்கு 2. தோட்டப் பயிருக்கு நூற்றுக்கு 5. எந்தப் பயிருக்கு எந்த நாள் கடைசி என்பதை மாதத்தின் முதல் வாரத்திலேயே கேட்டறிந்து எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி நாள் மாலையில் வரிசையில் நிற்பவருக்கு ஏதேனும் ஒரு சான்று குறைந்தே இருக்கும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்துக்கு

மேற்கூறியது குடியானவருக்கு மட்டும் உரியதன்று. பயிர் நஷ்டத்துக்கோ, யானை அழித்ததற்கோ நிவாரணம் கோரும்போது முதலில் கேட்கப்படுவது அடங்கல். விதைத்த மாதத்திலேயே புலத்துக்குச் சென்று பதிந்த அடங்கல் விவசாயிக்குக் காப்பு. அழிந்த பின் வாய்மொழி கேட்டு எழுதும் அடங்கல் தகராறுக்கே இடமளிக்கும். ஆகவே கிராம நிர்வாக அலுவலரின் மாத இலக்கு வாரத்துக்கு இத்தனை புல எண்கள் என்று பிரிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மானாவாரிப் புலங்கள் முன்னும் கிணற்றுப் பாசனப் புலங்கள் பின்னுமாக எடுத்துக்கொள்ளலாம்.

இலாகாக்களுக்கும் ஒரு வார்த்தை. இம்மாதம் இப்பயிர் இத்தனை ஏக்கர் என்று மேலிருந்து வரும் இலக்கு, மழை பெய்யாத வட்டாரத்துக்கும் பெய்த வட்டாரத்துக்கும் ஒன்றாகவே இருப்பின், அது கீழே உள்ளவரைப் பொய்க் கணக்கு எழுதத் தூண்டும். அவ்விலக்கிலும் 'மழை தவறினால்' என்ற இரண்டாவது கலம் வேண்டும். மாற்றுப் பயிர் விதை எந்தத் தேதிக்குள் எந்த டிப்போவுக்கு வந்து சேரும் என்பது அதில் கண்டிருக்க வேண்டும்.

இது புதுக் கருத்துமன்று. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சத்தில், அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய சேலம் ஜில்லாவில் மக்கள் திரளாக மாண்டனர். அதன்பின் 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வெளிவந்து, மாகாணந்தோறும் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் குறைகள் பல. நிவாரணக் கூலி மிகச் சொற்பம். எனினும் அவற்றின் அடிப்படை ஒன்று நாம் கொள்ளத் தக்கது. மழை எப்போது பொய்க்கும் என்று கூற அவை முயலவில்லை. இன்ன அறிகுறி தோன்றினால் இன்ன உத்தியோகஸ்தர் இன்ன காரியத்தைத் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தன. ஒரு மாகாணத்துக்கு ஏற்றது ஐந்து ஏக்கருக்கும் ஏற்றதே.

மாதக் கடைசி நாள் மாலை, திண்ணையில் அரை மணி நேரம் குறிப்புப் புத்தகத்துடன் உட்காருங்கள். வீட்டுப் பெண்மணிகளும் உடனிருத்தல் நலம். கையிருப்பும் கடனும் அவர்களுக்கே நன்கு தெரியும். நான்கு காரியங்களில் நடந்தது எது, நடவாதது எது, நம் சோம்பலால் நின்றதா, நிபந்தனை கூடாமல் நின்றதா என்று ஒவ்வொரு வரி எழுதி, அதன்பின் அடுத்த மாதத்தை வகுக்கலாம். நிபந்தனையால் நின்றதற்கு வருந்த வேண்டாம். மாற்று வழியை எடுத்துக்கொள்க. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சுமோ மிஞ்சாதோ, எந்த மாதத்தில் எதனால் போயிற்று என்பதாவது தெரியவரும். அது தெரிந்தவர் அடுத்த பருவத்தில் அதே குழியில் விழுவது அரிது. வருகிற ஆடி முதல் தேதியன்று ஒரு பக்கம் எழுதித் தொடங்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.