வெற்றிலைக் காம்பைக் கீழே வையுங்கள்

"காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைத்தால் குழந்தை உடனே வெளிக்குப் போகிறதே, என்ன கெட்டுவிட்டது?" என்கிறார்கள். போகத்தான் செய்யும். அங்கே எதைச் செருகினாலும் குடல் சுருங்கித் தள்ளும். மலச்சிக்கல் அதனால் தீராது. மெல்லிய சவ்வு கிழியலாம். காம்புக்குப் பதில் சோப்புத் துண்டு என்றால் எரிச்சல் வேறு.

முதலில், சிக்கல் இருக்கிறதா? தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, 6 வாரம் கடந்தபின், ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கலாம். மலம் இளகலாக இருந்து, எடையும் கூடினால் கவலையே வேண்டாம். முகம் சிவக்க முக்குவதும் நோயல்ல. முக்கும்போதே கீழ்த்தசையைத் தளர்த்தக் குழந்தை இப்போதுதான் கற்கிறது. காம்பு வைத்தால் காம்புக்குக் காத்திருக்கத்தான் பழகும்.

மலச்சிக்கலுக்குத் தேன் நக்கக் கொடுக்கச் சொல்வதை மன்னிக்கவே முடியாது. ஒரு வயதுக்குள் அது பொட்டுலிசம் என்ற நச்சுநோயைத் தரலாம். அதன் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான்!

நடக்கும் வயதுப் பிள்ளை வலிக்குப் பயந்து மலத்தை அடக்கும். அடக்க அடக்க இறுகும். பசும்பாலை அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். கீரை, கொய்யா, தண்ணீர் கொடுங்கள். சாப்பிட்டதும், காலுக்குப் பலகை போட்டு உட்கார வையுங்கள். அதட்டாதீர்கள். பச்சை வாந்தி, வயிறு உப்புதல், பிறந்து 48 மணி நேரமாகியும் மலம் போகாதது என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.