இறால் பண்ணையும் விலங்குரிமையும்: காரைக்கால் கடலோரம் எழுப்பும் கேள்விகள்

2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியபோது, இறால் ஏற்றுமதியாளர்களின் இழப்பு பெருஞ்செய்தியாயிற்று. 2024-25இல் இந்தியக் கடல் உணவு ஏற்றுமதியின் மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு உறையவைத்த இறாலுடையது. அந்த இறால் வளரும் மண்ணில் முன்பு உழைத்தவர்கள் யார், அந்த உயிர் எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்ற கேள்விகளுக்கு அச்செய்திகளில் பெரும்பாலும் இடமில்லை.

விலங்குரிமை என்ற சொல்லைத் தலித் இயக்கங்கள் ஐயத்துடன் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித்துகள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். மாட்டுக்கறி உண்பவரைக் குற்றவாளியாக்கும் இந்தச் 'சீவகாருண்யம்', கோடிக்கணக்கான உயிர்களை அடைத்து வளர்க்கும் முதலாளியின் வாசலுக்குப் போவதில்லை. (அவர் மரக்கறி மட்டுமே உண்பவராகவும் இருக்கலாம்.) எனவே மக்களின் உணவுரிமை வேறு, வணிகப் பண்ணையின் ஒழுக்கம் வேறு. முன்னதைக் காப்பதற்காகப் பின்னதைக் கேள்வி கேட்காமல் விட வேண்டிய தேவை நமக்கில்லை.

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் அரசலாறும் திருமலைராசனாறும் தமிழகத்திலிருந்தே அங்கு வருகின்றன. சுற்றியுள்ள கீழத்தஞ்சையின் நிலவரலாறும் அதனோடு பிணைந்தது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் அப்பகுதியில் பணியாற்றிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் பெற்றுத் தந்தனர். 1990களில் இறால் நிறுவனங்கள் வந்தன. நடவும் களையெடுப்பும் அறுப்பும் நடந்த வயல்கள் உப்புநீர்க் குட்டைகளாயின. வயலுக்குத் தேவைப்பட்ட கைகள் குட்டைக்குத் தேவைப்படவில்லை. சில காவலாட்களும் நீரைக் கலக்கும் பொறிகளும் போதும். நிலத்தடி நீரில் உப்பேறியபோது முதலில் குடிநீரை இழந்தவை சேரிகள். நிலவுடைமையாளர் குத்தகை பெற்றார். கூலிக்காரருக்கு இழப்பீடு என்று எதுவும் இல்லை.

ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், இறால் குட்டைகளைத் தடை செய்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. வேலையிழக்கும் பண்ணைத் தொழிலாளருக்கு ஆறாண்டு ஊதியம் தரச் சொன்னது. அத்தீர்ப்பை நாடாளுமன்றம் முறியடித்தது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 1991ஆம் ஆண்டின் அறிவிக்கையையே பின்தேதியிட்டுத் திருத்தி, தடைத் தொலைவை 200 மீட்டராகக் குறைத்தது. பதிவின்றிப் பண்ணை நடத்துவோருக்கு அச்சட்டத்தில் இருந்த சிறைத்தண்டனையும் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. தமிழகத்தின் 2020ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டம் காரைக்காலில் செல்லாது. தமிழக எல்லைக்குள்ளும் அதன் தடைப்பட்டியலில் இறால் பண்ணை சேர்க்கப்படவில்லை.

இனி, அந்த உயிர். இன்று பரவலாக வளர்க்கப்படும் வனாமி, இலத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கடலோரத்தைச் சேர்ந்த இனம். 2009இல் இந்தியாவில் வணிக வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்டது. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விட விதி இடமளிக்கிறது. குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்தண்டை வெட்டியோ நசுக்கியோ அகற்றுவது உலகெங்கும் வழக்கம். முட்டை முதிர்வதைத் தடுக்கும் சுரப்பு அத்தண்டில் உண்டாவதால், கண் போனால் முட்டை விரைவில் வரும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்பதற்கு மனிதரல்லாத எந்த உயிரினமும் என்றே பொருள். எனினும் அந்தச் சட்டம் தாய் இறாலை நினைத்துப் பேசப்படுவதில்லை. பிரிட்டனின 2022ஆம் ஆண்டுச் சட்டமோ இறால், நண்டு ஆகியவற்றை உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுள்ளது.

சேரி மக்களை விலங்கோடு ஒப்பிட்டு இரங்கும் எழுத்தை நாம் ஏற்பதில்லை. இங்கே சொல்ல வருவது அதுவன்று. தாய் இறாலின் கண்ணைச் செலவுக் கணக்கில் சேர்க்காத அதே கணக்கேடுதான், நடவுப் பெண்ணின் வேலைநாளையும் ஊர்க்கிணற்றின் இனிப்பையும் சேர்க்காமல் இலாபம் காட்டுகிறது. வளர்ப்பு நெறிகளுக்காகக் குரல் கொடுப்போர் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும். நிலத்துக்காகப் போராடுவோர் கண்தண்டைப் பற்றிப் பேசக் கூச வேண்டியதில்லை. குட்டையிலும் தோலுரிக்கும் கூடங்களிலும் இன்று கூலி பெறுவோர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பண்ணையை மூடச் சொல்லும் கோரிக்கை, 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைவிடப் பின்தங்கியது.

காரைக்காலில் இதைப் பேச ஒரு மன்றம் வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பொறுப்பாளர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஊர் எல்லையில் குட்டை வெட்டப்பட்டால், அதைத் தடுக்கத் தீர்மானம் போடும் இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.