கதிர்வீச்சு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள்: யார் கையில் இருக்கிறது கணக்கு?

வானம் பார்த்த கரிசல் பூமி கைவிட்டபோது கோவில்பட்டி வட்டாரக் குடும்பங்கள் பலவற்றைக் காப்பாற்றியது தீப்பெட்டித் தொழில். இன்றைய இளைஞர்கள் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வெளியூர் வேலை தேடுகிறார்கள். சிலருக்குக் கூடங்குளத்தில் ஒப்பந்தப் பணி. சிலருக்கு வளைகுடாவில், வெல்டிங் செய்த குழாய்களை இரிடியம்-192 கொண்டு படமெடுக்கும் பணி. ஹலாலான சம்பாத்தியம்தான். ஆனால் விசா, சம்பளம் எல்லாம் விசாரிக்கும் நாம், பிள்ளையின் உடலில் ஏறும் கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்பதில்லை.

பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுசக்தித் தொழிலாளர்கள் சுமார் 3,10,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023இல் வெளியானது. இரத்தப் புற்றுநோய் வகைகள் நீங்கலான மற்ற புற்றுநோய் மரணங்கள் ஒரு கிரே அளவுக்கு 52 சதவீதம் கூடுவதாக அது சொல்கிறது. இதைக் கேட்டுப் பாதிப் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று பதற வேண்டாம். ஒரு கிரே மிகப் பெரிய அளவு. நம் நாட்டில் ஒரு தொழிலாளிக்கு ஐந்து ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட உச்சம் 100 மில்லிசீவர்ட். ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த உச்சத்தை ஒருவர் முழுமையாகப் பெற்றால் ஆபத்து ஐந்து சதவீத அளவுக்குக் கூடும். சிறியதுதான், பூஜ்யம் அல்ல. சிறுகச் சிறுகச் சேர்ந்தாலும் ஆபத்து உண்டு என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

விபத்து என்றால் கதை வேறு. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிக்க கழிவு வேறு தொட்டிக்குள் கசிந்தது. அதை அறியாமல் மாதிரி எடுக்கப் போன பணியாளர்கள் உட்பட ஆறு பேர் வரம்புக்கு மேல் கதிர்வீச்சு பெற்றார்கள். எச்சரிக்க அங்கே அளவுமானி இல்லை. செய்தி வெளியுலகுக்குத் தெரியவே மாதங்கள் ஆயின.

நிரந்தர ஊழியருக்காவது கேட்க ஒரு சங்கம் இருக்கும். ஒப்பந்தக்காரர் மாறி மாறிப் போகிறவருக்கு? புற்றுநோய் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும்போது அந்தக் கம்பெனியே இருக்காது. மார்பில் அணியும் டிஎல்டி பேட்ஜ் காட்டிய அளவுதான் அப்போது அவருக்கு மிஞ்சும் சாட்சி. அளவு கூடினால் வேலை போய்விடும் என்று பேட்ஜைக் கழற்றி வைப்பவர் தன் சாட்சியைத் தானே அழிக்கிறார். முதலாளியிடம் அந்தக் கணக்கு ஓர் அமானிதம். ஒவ்வொரு வேலையை விட்டு வரும்போதும் அதன் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.