சனிக்கிழமை ராத்திரி வெயில்

பள்ளிக்கூட அட்லாஸில் பார்த்தால் நியூயார்க் ரெண்டு சாண் தூரம்தான். அங்கேயிருந்துதான் நம்ம நண்பன் திருச்சிக்கு வரணும். அவன் அப்பாவுக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன்.

"எப்பப்பா வர்றான்?" என்று என்னைத்தான் கேட்டார் பெரியவர். பி.காம். படித்தவனாயிற்றே! பேப்பர், பேனா எடுத்தேன்.

நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து திருச்சி. முதல் விமானம் லேசுப்பட்டதில்லை சார். 2020 நவம்பரில் தொடங்கியபோதே உலகத்திலேயே நீளமான பயணிகள் சேவை. நேர்க்கோட்டில் 15,349 கிலோமீட்டர். சாதா எகானமி வகுப்பே கிடையாது. (டிக்கெட் விலையைக் கேட்டால் நமக்கும் ஆபரேஷன் தேவைப்படும்.)

அந்த நேர்க்கோடு வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும்போது பசிபிக் மேலே சுற்றி, 16,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பறப்பதுண்டு. பின்னாலிருந்து மேலைக்காற்று தள்ளுவதால் சுற்றினாலும் லாபம். சுற்று வழியில் காசு பார்க்கிற நம்மூர் ஆட்டோக்காரர்கள் கவனிக்க! போக, வர, எந்தப் பக்கமும் கிட்டத்தட்ட பத்தொன்பது மணி நேரம்.

சரி, கணக்குக்கு வருவோம். வெள்ளி ராத்திரி பத்தரைக்குக் கிளம்புகிறான். பத்தொன்பது மணி நேரம் கூட்டினால் சனி சாயங்காலம் அஞ்சரை. சிங்கப்பூரில் ரெண்டு மணி நேரம் காபி. திருச்சிக்கு நாலு மணி நேரம். ஆக, சனி ராத்திரி பதினொன்றரை. அடித்துச் சொன்னேன்.

பெரியவர் சனிக்கிழமை சாயங்காலமே ஷேவ் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் ஈஸிசேர் போட்டுவிட்டார். பதினொன்றரை ஆச்சு. பன்னிரண்டு ஆச்சு. "படுங்கப்பா" என்றால் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் தூக்கம் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் கூட்டியது அத்தனையும் நியூயார்க் கடிகாரம்! மே மாதத்தில் நாம் அவர்களுக்கு ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். டெபிட்டில் எழுத வேண்டியதை எழுதவே இல்லை. விமானம் இறங்குவது ஞாயிறு காலை ஒன்பதுக்கு.

சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "அப்ப சரி, இங்கேயே இருக்கேன்" என்றார்.

காலை பத்துக்கு டாக்ஸி வந்து நின்றபோது ஈஸிசேரிலேயே தூங்கிப் போயிருந்தார். எழுப்ப மனசில்லாமல் இவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் காலடியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தவர், மகன் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமை ராத்திரி ரொம்ப வெயிலா இருக்கே தம்பி!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிவிட்டார். ஆனால் அன்றைக்குத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, "முடிய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் பாருங்கள். நான் வாயைத் திறந்தேன்.

"உன்னைக் கேக்கலப்பா" என்றார்.