கிடாயை விற்றுவிட்டு இனத்தைக் காப்பாற்ற முடியுமா?

"எல்லாம் ஆடுதானே, கறிக்கு எடை இருந்தால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் செவ்வாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரத்தின் பழைய செம்மறி இனம் இது. வெளிர் சிவப்பிலிருந்து அடர் செம்பழுப்பு வரை நிறம் இருக்கும். பெயரும் அதனால் வந்ததுதான். கம்பளி கிடையாது, குட்டை முடிதான். பசுவந்தனைக் கரிசலில் வெள்ளாமை எடுத்த காட்டில் பகலெல்லாம் மேய்ந்து, ராத்திரி அங்கேயே கிடை அமர்த்தினால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். தீவனச் செலவு இல்லாத ஆடு!

கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கின மரபணு வள நிறுவனம் செவ்வாட்டைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பதிவேடு குட்டி போடாதே!

இனம் அழிவது சந்தையில். தீபாவளி, பக்ரீத் வந்தால் மந்தையிலேயே நன்றாக வளர்ந்த கிடாய்தான் முதலில் விலை போகிறது. நோஞ்சான் கிடாய் மிஞ்சி அடுத்த ஈட்டுக்குத் தகப்பனாகிறது. இல்லையென்றால் வேற்று இனக் கிடாயை விடுகிறார்கள். முதல் தலைமுறையில் செவ்வாட்டு ரத்தம் பாதி, அடுத்ததில் கால், மூன்றாவதில் அரைக்கால். அப்புறம் என்ன மிஞ்சும்?

கலப்புக் குட்டி எடை கூடும் என்பார்கள். தீவனம் வாங்கிப் போட முடிந்தவருக்குக் கூடலாம். சித்திரை வெயிலில் காய்ந்த தட்டையைத் தேடி நடக்கிற மந்தைக்கு அந்தக் கணக்கு உதவாது.

இதற்காக ஆடு மேய்ப்பவரைக் குறை சொல்வது அநியாயம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியவர், கையில் காசு நீட்டும் வியாபாரியிடம் "இது விதைக் கிடாய், தரமாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? அந்த நஷ்டத்தை யார் ஈடு கட்டுவது?

அரசுதான். 25, 30 பெட்டைக்கு ஒரு நல்ல கிடாய் போதும். அதைச் சந்தை விலைக்கே வாங்கி ஊர்ப் பொதுவில் விடட்டும். தகப்பன் மகளோடு சேராதபடி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க் கிடாயோடு மாற்றிக்கொள்ளட்டும். 2011ல் விலையில்லா ஆடு திட்டம் கொண்டுவந்து ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடு கொடுக்க முடிந்ததே, ஊருக்கு நாலு கிடாயை நிறுத்தி வைக்க மட்டும் முடியாதா?

செய்வதென்றால் தீபாவளிச் சந்தைக்கு முன்னால் செய்ய வேண்டும். கிடாய் லாரி ஏறிய பிறகு கருத்தரங்கு நடத்திப் பிரயோஜனம் இல்லை.