கலங்கிய உள்ளம் தந்த ஆறுதல்



2008ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பாஸ்கா காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்று கத்தோலிக்கத் திருச்சபை வாசித்த நற்செய்தி, யோவான் 14ஆம் அதிகாரத்தின் தொடக்கமாகும். உள்ளம் கலங்க வேண்டாம் என்றும், தந்தையின் இல்லத்தில் இடம் ஆயத்தம் செய்யவே தாம் செல்வதாகவும் ஆண்டவர் சீடர்களுக்கு உரைத்த பகுதி அது. அதே நாளில், ஞாயிறு திருப்பலியை நிறைவேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வவுனிக்குளம் பங்குத்தந்தை மரியாம்பிள்ளை சேவியர் கருணாரட்ணம் அடிகளார், மல்லாவி – வவுனிக்குளம் வீதியில் கிளைமோர்த் தாக்குதலில் உயிரிழந்தார். மக்கள் அவரைக் 'கிளி பாதர்' என அன்போடு அழைத்தனர். வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராய்க் கொல்லப்பட்டோரின் விபரங்களைப் பதிவுசெய்யும் பணியில் ஈடுபட்டவர், தாமும் அவர்களுள் ஒருவரானார். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 2007 செப்டெம்பர் 26ஆம் நாள், இடம்பெயர்ந்த மக்களுக்குப் பணியாற்றிய நிக்கலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித் அடிகளாரும் இவ்வாறே கிளைமோர்த் தாக்குதலுக்குப் பலியானார்.

இத்தகைய மரணங்களைக் கண்ட மண்ணில், 'கலங்காதீர்கள்' என்னும் சொல்லை எவ்வாறு ஏற்பது? ஆறுதல் கூறுவோர் எளிதாய் உதிர்த்துச் செல்லும் வெறுஞ்சொல்தானா அது?

நற்செய்தியைச் சற்றே பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். 11ஆம் அதிகாரத்தில் நண்பன் இலாசருக்காக அழுவோரைக் கண்டு இயேசு கலங்குகிறார். 12ஆம் அதிகாரத்தில் தம் மரணவேளை நெருங்குவதை உணர்ந்து கலங்குகிறார். 13ஆம் அதிகாரத்தில் உடனுண்டவனே காட்டிக்கொடுக்கப் போவதை அறிந்து கலங்குகிறார். கிரேக்க மூலத்தில் இம்மூன்று இடங்களிலும் வரும் அதே வினைச்சொல்லே, 14ஆம் அதிகாரத்தில் சீடர்களைத் தேற்றும்போதும் வருகிறது. மும்முறை கலங்கியவரே, கலங்க வேண்டாம் என்கிறார். கரையில் நின்று கூறிய அறிவுரையன்று அது. வெள்ளத்தில் இறங்கியவர் நீட்டிய கை.

ஆகவே, மரணத்துக்கு அஞ்சுவது விசுவாசக் குறைவன்று. நோய்ப் படுக்கையில் நடுங்குகின்றவர் இறைவனால் கைவிடப்பட்டவரும் அல்லர். சிலுவை துன்பத்துக்கு விளக்கம் தருவதில்லை, துணையைத் தருகிறது. நாம் செல்ல அஞ்சும் அவ்விருளுக்குள் நமக்கு முன்னரே ஒருவர் சென்றிருக்கிறார்; தந்தை அவரை அங்கே விட்டுவிடவில்லை. இதுவே கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம்.

அன்பர்களே, 2009இன் பின்னும் தம்மவருக்கு ஒரு கல்லறைகூட இல்லாத குடும்பங்கள் நம் நடுவே வாழ்கின்றன. 'மறந்துவிடுங்கள்' என்று அவர்களிடம் கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. உயிர்த்த ஆண்டவரின் கைகளில் ஆணித் தழும்புகள் மறையவில்லை. தோமாவுக்கு அவற்றையே அவர் காட்டினார். உயிர்ப்பு காயங்களை அழித்துவிடவில்லை. அவற்றை இறுதிச் சொல்லாக இருக்க விடவுமில்லை. உண்மையைத் தேடுவதும் நீதியைக் கேட்பதும் அந்நம்பிக்கைக்குப் புறம்பானவை அல்ல.

கல்வாரியில் அன்னை மரியாவால் ஆணிகளைப் பிடுங்க இயலவில்லை. ஆயினும் அகலாது நின்றார். இவ்வாரம் உங்கள் அயலில் மரணத் தறுவாயில் இருப்பவரையோ, இழப்பில் வாடுபவரையோ சென்று பாருங்கள். சொல் வராவிடின் அருகில் அமர்ந்திருங்கள். சிலுவையடியில் நிற்பது என்பது அதுவே. அங்குதான் நம்பிக்கை துளிர்க்கும்.